'உள்ளே' பலகையில் நின்றுபோன அட்டை

கழுகுக்கண்ணன் முறைத்துப் பார்த்தால் கண்ணாடியில் விரிசல் விழும். சரி, அது கொஞ்சம் கூடுதல்தான். விழுந்த விரிசலைக் கண்டுபிடிப்பான், அவ்வளவே. மயிரிழை அளவு இருந்தாலும் தப்பாது. இதில் நான் ஒரு உப்புக்கல் அளவுகூடச் சேர்க்கவில்லை.

பாட்டில் தொழிற்சாலையில் அவனுக்குச் சோதனை வேலை. வெள்ளை வெளிச்சப் பலகைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். பெல்ட்டில் பாட்டில்கள் நகர்ந்து வரும். சந்தேகம் தட்டினால் ஒன்றை எடுத்து நகத்தால் சுண்டிப் பார்ப்பான். நல்லது கணீர் என்னும். கீறல் விழுந்தது செத்த சத்தம் போடும். கண் களைத்துவிடும் என்று அரைமணிக்கு ஒருதரம் ஆள் மாற்றுவார்கள். இவனோ மாற்ற வந்தவனிடம், "நீ போய் டீ குடிப்பா, நான் பாத்துக்கறேன்" என்பான். வேலை சோறு போடும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் வேலை இவனையே தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

நுழைவாயிலில் 'உள்ளே', 'வெளியே' என்று இரண்டு பலகைகள். வந்ததும் அவரவர் அட்டையை இயந்திரத்தில் குத்தி உள்ளே பலகையில் செருக வேண்டும். போகும்போது மறுபடி குத்தி வெளியே பலகைக்கு மாற்ற வேண்டும். இவனுக்கு அந்த வரிசையில் நிற்கப் பொறுமை ஏது? "எப்படியும் விடிஞ்சா முதல் ஆளா வந்து நிக்கப்போறேன். எதுக்கு எடுத்து எடுத்து வைக்கணும்?" தங்கமான ஆளாயிற்றே என்று நேரக்காப்பாளரும் இவன் வருகையைக் கையாலேயே குறித்துக்கொண்டார். ஒன்பது மாதம் அட்டை உள்ளேயே நின்றது.

வீட்டில் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். தட்டைச் சுண்டுவான்.

"என்னையும் ஒருதரம் சுண்டிப் பாத்துருங்க. கீறல் இருந்தா கழிச்சு விட்டுரலாம்" என்பாள் மனைவி.

சிரிக்கமாட்டான். காதில் ஏறினால்தானே?

ஒரு சாயங்காலம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், ஆறு வயது மகள் வாசல் கேட்டைப் பிடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்குடி நிக்கற?"

"அப்பாக்கு."

"நான் இங்கதானே இருக்கேன்?"

அவள் திரும்பி வந்தாள். பின்பக்கமாகப் போய், அவனைப் போலவே விரலை வளைத்து, முதுகில் இரண்டு சுண்டு சுண்டினாள். காதை வைத்துக் கேட்டாள்.

"காலி" என்று சொல்லிவிட்டு மறுபடி கேட்டுக்கே போய்விட்டாள்.

விளையாட்டு என்று நினைத்தான். மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும். பத்தாம் நாள் அவன் நாற்காலிப் பக்கம் வந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மரியாதையோடு, "மாமா, கொஞ்சம் நகந்து உக்காருங்க. எங்கப்பா வந்தா உக்காரணும்" என்றாள்.

அவன் தட்டோடு எழுந்து தரையில் உட்கார்ந்தான். பெற்ற பிள்ளைக்கு நான் யாரோ ஆகிவிட்டேனா?

மறுநாள் தொழிற்சாலை விடுமுறை. பட்டப்பகலில், காலில் கிடந்த தேய்ந்த ரப்பர் செருப்போடு கிளம்பிப் போனான். கண்ணாடித் தூள் கிடக்கும் இடம், கம்பெனி பூட்ஸ் இல்லாமல் உள்ளே கால் வைக்கக்கூடாது. அந்த நினைப்பே அவனுக்கு இல்லை.

காவலாளி நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா, மறுபடி உள்ள போறியா? நீ இன்னும் வெளியவே போகலையே" என்று பலகையைக் காட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

சோதனைக்கூடத்தில் பெல்ட் நின்றிருந்தது. வெளிச்சப் பலகை அணைந்து கிடந்தது. ஆனாலும் சத்தம் வந்தது. கணீர். கணீர்.

அவன் ஸ்டூலில் ஓர் ஆள். அவனுடைய சட்டை, காலரில் மனைவி நீல நூலால் போட்ட தையல். காலில் பூட்ஸ். கையில் பாட்டில் ஏதும் இல்லை. வெறும் காற்றைச் சுண்டிக்கொண்டிருந்தது அந்த விரல்.

கூப்பிட வாயெடுத்தான். தன்னைத் தானே என்னவென்று கூப்பிடுவது?

"பாப்பா கேட்ல நிக்கறா" என்றான்.

சத்தம் நின்றது.

ஓட்டமாக நுழைவாயிலுக்கு ஓடும் காலடி கேட்டது. இயந்திரம் 'டக்' என்று அட்டையைக் குத்தியது. அட்டை வெளியே பலகைக்குப் போயிற்று. ஓர் ஆள் வெளியே போனதைக் காவலாளி பார்த்தார். ஒரே ஆள்தான்.

வீட்டு வாசலில் மகள் முதுகைச் சுண்டிக் கேட்டாள். "ஏம்ப்பா இவ்ளோ லேட்டு?" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு ஏறினாள். அன்றிலிருந்து மாற்ற ஆள் வந்தால் ஸ்டூலைவிட்டு எழுந்துவிடுகிறான். சங்கு ஊதியதும் அட்டையோடு வரிசையில் முதல் ஆளாக நிற்கிறான். வீட்டில் டம்ளர் வெறும் டம்ளர்தான்.

பிரிந்து கிடந்த இருவரும் ஒன்றாகி வீடு சேர்ந்தார்கள் என்றுதான் இதை முடித்திருந்தேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"எல்லாம் சரிதான் பெரியம்மா. ஒண்ணானாங்கன்னு மட்டும் எழுதாதீங்க. அன்னிக்கு இங்கேருந்து போனவரு ரப்பர் செருப்புல போனாரு. வந்தவரு பூட்ஸ் கழட்டிட்டுத்தான் உள்ள வந்தாரு. அந்தச் செருப்பு இன்னும் வீடு வந்து சேரல."