புஷ்பமேரியின் காதுக் கல்

வேடசந்தூர் நூற்பாலையில் பதினெட்டு வருடமாக அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே நடந்தவள் புஷ்பமேரி. எந்திரத்தில் நூல் சுற்றும் கதிர்கள்தான் சுற்றும், அவள் தலை சுற்றியதே இல்லை. 1999-இல் ஒரு விடியலில் வலப்பக்கம் புரண்டாள். ஓடு, மின்விசிறி, மாதா படம் எல்லாம் ராட்டினமாகச் சுழன்றன. எட்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

திண்டுக்கல் காது மருத்துவர் நஜ்முன்னிசா அவள் தலையை வலப்பக்கம் திருப்பி, கட்டில் விளிம்பில் தொங்கவிட்டார். கருவிழிகள் துடித்தன.

"காதுக்குள்ள மணல் மாதிரி பொடிக்கல்லு இருக்கும்மா. மேல எது, கீழ எதுன்னு மூளைக்குச் சொல்றதே அதுதான். அதுல கொஞ்சம் நழுவி, தண்ணி நிக்கிற வளைஞ்ச குழாய்க்குள்ள விழுந்திருச்சு. தண்ணி அலம்புனதும், தலை சுத்துதுன்னு மூளை நம்பிருது."

பிறகு தலையை இடப்பக்கம் திருப்பி, உடம்பையும் புரட்டி, உட்காரவைத்தார். சுற்றல் நின்றது.

"மறுபடி வந்தா நீங்களே இப்படிச் செஞ்சுக்கலாம்."

"சரி, கல்லைக் குடுங்க டாக்டரம்மா."

"அதை எடுக்கலையே! இருந்த எடத்துக்கே அனுப்பிட்டேன்."

கல்லைக் காட்டாமல் மில்லில் லீவு கிடைக்காதே என்று புஷ்பமேரி பயந்தாள். சூப்பர்வைசர் மொக்கைச்சாமி தன் சிறுநீரகக் கல்லைப் புட்டியில் போட்டு மேசைமேல் வைத்திருப்பவர்.

அவள் பயந்தபடியே ஆயிற்று. டாக்டர் சீட்டை அவர் தொடக்கூட இல்லை. "சீட்டை யாரும் எழுதலாம். கல்லை எழுத முடியுமா? இப்பச் சுத்துதா?"

"இல்ல சார், சரியாப்போச்சு."

"அப்ப என்னாத்தா லீவு? நாளைக்குள்ள காட்டு. இல்ல, பேரை அடிச்சிருவேன்."

அன்று மாலை முழுக்கக் கட்டிலில் புரண்டாள், தலைகீழாகத் தொங்கினாள், குதித்தாள். உலகம் அசையவில்லை. "மாதாவே, ஒரே ஒரு நிமிசம் சுத்தவிடு" என்று மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

மறுநாள் மில் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். பள்ளத்தில் பஸ் தூக்கிப்போட்டதில் உச்சந்தலை கூரையில் முட்டியது. நிமிர்ந்து பார்த்தாள், கூரை சுழன்றது.

"வந்துருச்சு!" என்று கைதட்டினாள். பக்கத்தில் இருந்த ஒச்சம்மாள் தள்ளி உட்கார்ந்தாள்.

நேராக மொக்கைச்சாமியின் அலுவலகத்துக்குப் போய், அங்கே கிடந்த பஞ்சுப்பொதிமேல் மல்லாந்து, வலப்பக்கம் தலையைத் தொங்கவிட்டாள். "சீக்கிரம் பாருங்க சார், நின்னுரும்!"

மொக்கைச்சாமி குனிந்தார். இரண்டு கருவிழிகளும் குதித்த குதியில் அவருக்கே கிறுகிறுத்தது. மேசையைப் பிடித்தார். புட்டி உருண்டு விழுந்து உடைந்தது. லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

புஷ்பமேரி இடப்பக்கம் திரும்பி, புரண்டு, எழுந்து உட்கார்ந்தாள். மொக்கைச்சாமி தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

"ஏத்தா, என் கல்லு எங்க?"

"தேடுங்க சார். என்னோடது எடத்துக்குப் போயிருச்சு."