முழங்கைக்குப் பின்னால்

கிளப்பில் அவருக்குப் பெயர் 'கோணல்'. கடைத்தெருவில் கண்ணாடிக்காரர். நாள் முழுக்க ஊராரின் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிற மனுஷனுக்கு, சாயங்காலம் ஸ்நூக்கர் மேஜை முன்னால் குனிந்தால் ஒரு பந்தை நேராக அடிக்க வராது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமுடியாதவர்களுக்கு இது போதாதா?

"யோவ் கோணல், உன் கண்ணாடியை மட்டும் வேற கடையில வாங்கிப் போடேன்யா" என்பார் பேக்கரிக்காரர். அவர்தான் கிளப் அணியின் தலைவர்.

அணியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் ஆடிக்கொண்டிருந்தவர் கண்ணாடிக்காரரின் அக்கா கணவர். மழை தொடங்கிய வாரத்தில் ஒரு காலை, ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

அந்த இடத்துக்கு வர விரும்பினால் பேக்கரிக்காரர் வைக்கும் பரீட்சை ஒன்றே ஒன்றுதான். மேஜையின் நடுக்கோட்டில் வெள்ளைப் பந்தை வைத்து, எதிர் விளிம்பின் குஷனை நோக்கி அடிக்க வேண்டும். அது மோதி, போன கோட்டிலேயே திரும்பி வந்து, அடித்த கோலான கியூவின் நுனியைத் தொட வேண்டும். கியூ மயிரிழை பக்கவாட்டில் பட்டிருந்தாலும் பந்து சுழலும். திரும்புகையில் குட்டு வெளிப்பட்டுவிடும். கண்ணாடிக்காரரின் பந்து போகும்போது யோக்கியமாகத்தான் போகும். வரும்போது, கடன்காரனைக் கண்டவன் மாதிரி வலப்பக்கம் ஒதுங்கிவிடும்.

வீட்டில் நிலைமை வேறு. கீழே அக்கா, மாடியில் அவர், இரண்டு பேர்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போன பிறகு அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். "சாப்பிட்டியாக்கா?" என்றால் தலை ஆடும், தட்டு அப்படியே இருக்கும். பேச்சுக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒருநாள் அவர் கேட்டார்: "அத்தானுக்கு மட்டும் எப்படிக்கா பந்து நூல் பிடிச்ச மாதிரி போகும்?"

அக்கா எழுந்துபோய்த் தன் போனை எடுத்துவந்தாள். "பாரு" என்றாள். அவ்வளவு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

ஆடுகிறவனுக்குத் தன் முழங்கை தெரியாது. பின்னால் ஒருவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையை அத்தான் அக்காவிடம்தான் கொடுத்திருந்தார். "மூஞ்சி வேண்டாம், முழங்கை தெரிஞ்சா போதும்" என்பாராம். போனில் வீடியோ வீடியோவாக அதுதான்: ஒரு முதுகு, ஒரு பிடரி, ஊஞ்சல் போல ஆடும் ஒரு முன்னங்கை. கல்யாண ஆல்பத்தை விட்டால் அந்த மனுஷனின் முகம் எதிலுமே இல்லை.

கண்ணாடிக்காரர் அந்த முதுகைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பிடியை இறுக்காமல் விட்டார். மேற்கையை அசைக்காமல், முழங்கைக்குக் கீழே மட்டும் ஆடவிட்டார். பின்னிழுத்த கியூவை ஒரு கணம் நிறுத்தி, பிறகு பதறாமல் முன்னே அனுப்பினார். எல்லாம் செய்தும் பந்து ஒதுங்கியது. அத்தானிடம் வேண்டாத பழக்கம் ஒன்று இருந்தது. அடிக்கும் முன் இடது தோளைத் தூக்கி மூக்கை ஒருதரம் உறிஞ்சுவார். அதற்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்? வேடிக்கையாக அதையும் செய்தார். பந்து போய், அதே கோட்டில் திரும்பி, கியூவின் நுனியில் வந்து முட்டியது.

"அட!" என்றார் பேக்கரிக்காரர். சிலிர்த்த கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

அக்காவும் கிளப்புக்கு வரத் தொடங்கினாள். பின்னால் நின்று வீடியோ எடுத்தாள். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் சத்தம் போட்டுச் சிரித்தாள். பார்த்த தம்பிக்கு மனம் குளிர்ந்துதான் போனது.

ஒருநாள் நல்ல அடி ஒன்று அடித்துவிட்டு, "எப்படிக்கா?" என்று திரும்பப் போனார்.

"திரும்பாதே" என்றாள்.

அடுத்த வாரம் அது "திரும்பாதீங்க" ஆனது. காலை நேரத்தில், ஆள் நடமாட்டமில்லாத கிளப்பில், பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது: "ஏங்க, முழங்கை விலகுது." விலகித்தான் இருந்தது. அவர் சரிசெய்துகொண்டார். அதற்குப் பின்தான் அந்த 'ஏங்க' காதில் விழுந்தது.

கடையில் ஒருவருக்கு எந்தக் கண் முதன்மைக் கண் என்று சோதித்துக்கொண்டிருந்தவர், சும்மா தனக்கும் பார்த்தார். கையை நீட்டிக் கட்டைவிரலைக் கடிகாரத்துக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு கண்ணாக மூடினார். எந்தக் கண்ணை மூடும்போது விரல் இடம் மாறுகிறதோ அதுதான் முதன்மைக் கண். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு அது வலது. அன்று இடது. அத்தானுக்கும் இடதுதான், அவருக்குச் சோதித்துச் சொன்னதே இவர்தான்.

வீட்டில் சாப்பாட்டு நாற்காலி சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அக்கா பின்னால் நின்று, தோளுக்கு மேலாகக் கைநீட்டிப் பரிமாறினாள்.

"அக்கா, இப்படி உட்கார்ந்தா சோறு இறங்கலக்கா."

தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு விழுந்தது.

பக்கத்துக் கிளப்புடன் போட்டி, ஞாயிறு மதியம். கண்ணாடிக்காரர் பேக்கரிக்காரரைத் தனியே அழைத்தார். "அக்காவை இன்னைக்கு வரவேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"ஏன்யா, அந்தம்மா பின்னால நின்னாத்தான் உனக்குப் பந்தே விழுது. வாயை மூடிக்கிட்டு ஆடு."

ஆடினார். கடைசி ஆட்டத்தில் கருப்புப் பந்து மட்டும் மிஞ்சியது. வெள்ளை, கருப்பு, மூலைப் பை மூன்றும் ஒரே நேர்கோட்டில். விழுந்தால் அணியில் அந்த இடம் அவருக்கே நிரந்தரம். பின்னால் அக்காவின் வளையல் அசைந்தது.

குனியும்போதே அவர் முடிவு செய்துவிட்டார். இதைக் கோணலாக அடிக்க வேண்டும். பழைய கையால், தன் கையால். பந்து பைக்குப் போகாமல் எங்கேயோ ஓடட்டும், ஊர் சிரிக்கட்டும். அந்த அசட்டுத்தனத்தைப் பார்த்தாலாவது, முன்னால் குனிந்திருப்பது தம்பி என்று அக்காவுக்கு உறைக்கும். இடம் போனால் போகிறது. அக்கா திரும்பி வந்தால் போதும்.

முழங்கையை வெளியே தள்ளினார். தள்ளியதாகத்தான் நினைத்தார். பிடியை இறுக்கினார். தோளைத் தூக்கக்கூடாது, மூக்கை உறிஞ்சக்கூடாது என்று பல்லைக் கடித்தார்.

இடது தோள் உயர்ந்தது. மூச்சு உள்ளே போன சத்தம் அவர் காதுக்கே கேட்டது. கியூ பின்னே போய், நின்று, சாவகாசமாக முன்னே வந்தது. கருப்புப் பந்து, பையின் விளிம்பைக்கூடத் தொடாமல் உள்ளே இறங்கியது.

அறை அதிர்ந்தது. யாரோ அவரைக் கட்டிப்பிடித்தார்கள். பேக்கரிக்காரர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். எல்லாரையும் விலக்கிவிட்டுக் கண்ணாடிக்காரர் திரும்பி, அக்காவுக்கு நேர் எதிரே போய் நின்றார்.

"அக்கா."

அவள் போனைக் கீழே இறக்கினாள். முகம் பூரித்திருந்தது. அவரைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் மலர்ந்து, எதிர்பாராத விருந்தாளியைக் கண்டவள் போலக் கேட்டாள்:

"அடடே, நீ எப்படா வந்தே?"

அவர் தன் வலது முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். அது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான்க்கா" என்றார்.