கொரியாக்காரி குடித்த பாசி சூப்பு

மருமகள் படுக்கையை விட்டு எழும்பவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் கொரியா நாடகம் வந்தது. போன தடவை பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை ஐந்தாம் மாதத்திலேயே ரத்தம் பட்டுவிட்டது. மகன் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவான். பாலத்துக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயா வீட்டில் அவளும் நானும்தான். அவளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. யாரும் கேட்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

ஹாலில் மெத்தையைப் போட்டு டிவிக்கு நேராகப் படுக்கவைத்தேன். அவள் கொரியா நாடகம் வைத்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் டிவி இல்லாவிட்டால் அவள் மேலே சுற்றுகிற காத்தாடியையே வெறித்துக்கொண்டு கிடந்தாள். அது அதைவிடப் பயமாக இருந்தது.

கீழே மலாய் எழுத்து ஓடும். மலாயில் நான் பசாரில் சண்டை போடுகிற அளவுக்குப் பேசுவேன், படிக்க வராது. சாஆ என்கிற ஊருக்குப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழையே எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான்.

"கதை சொல்லவா அத்தை?"

"எனக்குத் தெரியும். நீ பாரு."

தெரியும்தான். செருப்பை வாசலில் கழற்றுகிறார்கள். பெரியவர்களுக்கு இரண்டு கையாலும் கொடுக்கிறார்கள். மாமியார் வாயைத் திறக்குமுன்னே மருமகள் தலை குனிகிறது. இதற்கு எழுத்து எதற்கு?

பிறகு நானே சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து உட்கார ஆரம்பித்தேன். அந்தக் கதையில் வந்த பெண்ணுக்கும் வயிறு தெரிந்தது. அன்றிலிருந்து நிம்மதி போச்சு. நாடகத்தில் அவள் படி இறங்கினால் எனக்குக் கால் கூசும். அவளுக்கு நல்லபடியாக ஆனால் இவளுக்கும் ஆகும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம், அந்தப் பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் பிள்ளை இல்லை. மாமியார் வந்து துணி மூட்டையைப் பிரித்து ஒரு கிண்ணத்தை நீட்டினாள். தண்ணீரில் கறுப்பாக, வழுவழுவென்று ஏதோ இலை. ஒரு வாய் குடித்ததும் அவள் விம்மினாள். மாமியார் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். ரிமோட்டை எடுத்து அணைத்து, கைலி மடிப்பில் சொருகிக்கொண்டேன்.

"அலமாக்! என்ன அத்தை, நல்ல கட்டத்துல!"

"போதும். தூங்கு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"பிள்ளை போயிருச்சுன்னு நெனச்சீங்களா?"

"வாயக் கழுவு!"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "சிரிக்காத, வயிறு குலுங்கும்" என்று அதட்டினேன்.

"அது கடல் பாசி சூப்பு லா. பிள்ள பெத்தவங்களுக்கு அங்க அதான் குடுப்பாங்க, பால் சுரக்கும்னு. நீங்க பூண்டுக் குழம்பு வெப்பீங்கல்ல, அந்த மாதிரி. பிள்ள நர்ஸு கிட்ட இருக்கு. பொம்பளப் பிள்ள."

"அப்புறம் ஏன் அழுவுறா?"

"மாமியாரே வெச்சுக் கொண்டாந்தாங்கல்ல. அதுக்கு."

நான் ரிமோட்டைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளையைக் காட்டினார்கள். கை அசைகிறதா என்றுதான் பார்த்தேன். அசைந்தது.

பிறக்குமுன்னே பிள்ளைக்கு நாங்கள் எதுவும் வாங்க மாட்டோம். துணி இல்லை, தொட்டில் இல்லை, பத்தியத்துக்குப் பூண்டுகூட இல்லை. பக்கத்து வீட்டில் பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "பார்க்கலாம்" என்று நிறுத்திக்கொள்வேன். அடுத்த வாரம் சாமான் வாங்கப் போன கடையில் அந்தக் கறுப்புப் பாசி, காய்ந்து, பிளாஸ்டிக் பையில் தொங்கியது. ரொம்ப நேரம் நின்று யோசித்தேன். இது நம் பத்தியத்தில் இல்லாதது. வாங்கினால் முன்கூட்டி வாங்கியதாக ஆகாது. வாங்கி வந்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

அவளுக்கு ஏழாம் மாதம் இன்னும் தொடங்கவில்லை. ஹாலிலிருந்து அவள் "அத்தை" என்று கூப்பிட்டால், அந்தக் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இன்னும் பதில் சொல்கிறேன்.