முதல் மேசையில் கை வைத்தது யார்

லேப் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடம் ஒரே ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளராகவே இருந்தால் யாருக்குத்தான் வராது? அவளை நிரந்தரமாக்கும் கோப்பு அந்த மாதம்தான் முதல்வர் மேசைக்குப் போயிருந்தது. அந்த மாதம் பார்த்துத்தான் இதுவும் நடந்தது.

ஆய்வகக் கதவோரம் ஆணியில் ஒரு நீள நோட்டு தொங்கும். எந்தக் கணினியில் எதை மாற்றினாலும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். துறைத் தலைவரானாலும் சரி. தும்மினாலும் அக்கா நோட்டில் எழுதச் சொல்வாள் என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

செய்முறைத் தேர்வுக்கு முப்பது கணினிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு மெய்நிகர் கணினிகள். தனிப் பெட்டி கிடையாது, எல்லாம் மென்பொருள்தான். ஒன்று முகவரி கொடுக்கும், மற்றது வாங்கிக்கொள்ளும். முகவரி இல்லாத கணினி நெட்வொர்க்கில் யாரோடும் பேச முடியாது. இந்தக் கொடுக்கல் வாங்கலெல்லாம் அந்தந்தக் கணினிக்குள்ளேயே முடிய வேண்டும், வெளியே ஒரு சொட்டு கசியக் கூடாது. முதல் மேசையில் அதைப் பார்த்துப் பார்த்து அமைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். வந்து, அதையே மற்ற இருபத்தொன்பதுக்கும் காப்பி போட்டாள்.

மறுநாள் தேர்வு தொடங்கி அரை மணி நேரத்தில் அலுவலகம், நூலகம், முதல்வர் அறை எங்கும் நெட்வொர்க் செத்துப்போனது. முப்பது பேர் தெருமுனையில் நின்று, வழி கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தப்பு வழி சொன்ன மாதிரி, அந்த முப்பதும் கட்டடம் முழுக்க இஷ்டத்துக்கு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தன. தேர்வு நின்றது. மாலைக்குள் அவள் கையில் மெமோ. 'ஆய்வக உதவியாளரின் அலட்சியம்.' இது கோப்பில் ஏறினால் நிரந்தரத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று கிளார்க் காதோடு சொன்னார்.

துறைத் தலைவர் தேடி வந்து, மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிடும்படியும், மிச்சத்தைத் தான் பேசிக்கொள்வதாகவும் தேன் ஒழுகச் சொன்னார். வீட்டுக்காரரும் அதையே சொன்னார், ஒரு வரி எழுதிவிட்டுப் போவதில் என்ன குறைந்துவிடும் என்று. அவள் பார்த்த பார்வையில் மனிதர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் முதல் மேசைக் கணினியைத் திறந்தாள். அவள் வைத்த அமைப்பு அங்கே இல்லை. உள்ளே இருப்பதை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் 'பிரிட்ஜ்' இருந்தது. ஓடிப்போய் நோட்டைப் புரட்டினாள். முந்தாநாள் மதியம், அவள் சாப்பிடப் போயிருந்த நேரம், 'உள்ளே இன்டர்நெட் வரவில்லை. பிரிட்ஜுக்கு மாற்றினேன்.' கீழே துறைத் தலைவரின் வால் நீண்ட கையெழுத்து.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தன் கையாலேயே எழுதி வைத்துவிட்டு, அவளிடமே வந்து மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறார். அதைவிடப் பெரிய எரிச்சல் அவளுக்குத் தன் மேலேயே வந்தது. பன்னிரண்டு வருடமாக ஊரையே எழுத வைத்தவள், அந்த ஒரு வரியைப் படிக்காமல் காப்பி போட்டிருக்கிறாள்.

விளக்கக் கடிதத்தில் முதலில் அதைத்தான் எழுதினாள். பிறகு நோட்டின் பக்க எண்ணை எழுதினாள்.

முதல்வர் அவளை எதிரில் நிற்க வைத்தே படித்தார், நோட்டைப் பார்த்தார், துறைத் தலைவரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து மின்விசிறியைப் பார்த்தபடி நின்றார். முதல்வர் சிரித்துவிட்டார்.

"யானைக்கும் அடி சறுக்கும். தொழில்நுட்பக் கோளாறுன்னு வச்சுக்குவோம். மெமோவை மறந்துட்டு வேலையைப் பாருங்கம்மா."

அவள் செய்ததாக நினைத்த வரைக்கும் அலட்சியம். அவர் செய்தது என்று தெரிந்ததும் கோளாறு. யாரும் உட்காரச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் தப்பை நான் எழுதிக் கொடுத்துட்டேன் சார். மெமோவை நீங்க வாயால கொடுக்கல, எழுதித்தான் கொடுத்தீங்க. எழுதியே திரும்ப எடுங்க. அவர் பங்கை அவரும் எழுதட்டும்."

நாளைக்குப் பார்க்கலாம் என்றார் முதல்வர்.

"இன்னைக்கு எனக்கு வேற வேலை இல்ல சார். தேர்வுதான் நின்னுபோச்சே."

அவள் எழுந்திருக்கவே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டார்கள். மெமோ ரத்தானது. துறைத் தலைவர் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார், இந்த முறை வால் அவ்வளவு நீளவில்லை. இரண்டு தாளையும் வாங்கி, மேசையில் கிடந்த தன் கோப்பைத் தானே திறந்து, மெமோவை உருவிவிட்டு அந்த இடத்தில் வைத்தாள். முதல்வர் தடுக்கவில்லை.

ஆய்வகத்துக்கு வந்து முதல் மேசைக் கணினியைப் பழைய அமைப்புக்கு மாற்றினாள். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காப்பி போடும் முன், எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.