யானை முகமூடிக்குள் என் மகள்

எழுபதுகளின் தொடக்கம் அது. மீஞ்சூரில் ஒன்றாம் வகுப்பு படித்த என் மகளைப் பள்ளி விழாவுக்கு யானையாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கணவரின் பழைய காக்கிப் பேன்ட்டை வெட்டி, தலையில் கவிழ்த்துக்கொள்ளும் முகமூடி தைத்தேன். பேன்ட்டின் கால்தான் தும்பிக்கை. காதுகளுக்கு அட்டை. இரண்டு நாள் பாடு.

விழா அன்று, மாட்டிவிட மாட்டிவிட அவள் கழற்றி எறிந்தாள்.

“வாணாம்மா!”

“உன்னோட பெரிய பேஜாரா பூட்ச்சுடி. ஒழுங்கா மாட்டிக்கோ!”

நான்காம் முறை எறிந்ததும் கன்னத்தில் அறைந்துவிட்டேன்.

பக்கத்தில் தன் பையனுக்கு முயல் காது கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், முகமூடியை எடுத்து மகளின் தலையில் மெதுவாகக் கவிழ்த்துப் பார்த்தாள்.

“இன்னாம்மா நீ, கண்ணுக்கு வெச்ச ஓட்டை கொயந்தைக்கு வாயாண்ட நிக்குது. உன் தலைக்கா அளவெடுத்த?”

ஆமாம், என் தலைக்குத்தான். உள்ளே அவளுக்கு ஒரே இருட்டு.

அந்தப் பெண்ணே கத்தரிக்கோல் வாங்கிவந்து மேலே வேறு ஓட்டைகள் போட்டுத் தந்தாள். மகள் தும்பிக்கையை ஆட்டியபடி மேடையேறினாள். எல்லாரும் கைதட்டினார்கள். முகமூடிக்குள் அவள் கன்னத்தில் என் விரல்தடம் இருந்தது. எனக்குக் கை எழவில்லை.

வேண்டாம் என்று அவள் நான்கு முறை சொன்னாள். ஏன் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.