அண்ணியும் நாத்தனாரும் ஒரு மோட்டாரும்

குருவியும் அவள் நாத்தனாரும் முகம் கொடுத்துப் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. இருந்ததோ ஒரே அறை. சமையல், சாப்பாடு, தூக்கம், இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதற்குள்தான். அந்த அறைக்குள் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் எட்டு மாதம் ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இரண்டு பேரும் அதைச் சாதித்துக் காட்டினார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு இரும்புக் கட்டில். நாத்தனாரை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்பார்கள். கட்டியவன் இன்னொருத்தியோடு போய்விட, அவள் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கட்டிலைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கட்டில் பாதி அறையை விழுங்கிவிட்டது. குருவி பக்கத்து வீட்டுக்காரியிடம், "நாத்தனார் வருவான்னு தெரியும், கட்டிலோட வருவான்னு யாரு கண்டா?" என்று சொல்லிச் சிரித்தாள். விளையாட்டாகச் சொன்னதுதான். சொல்லிவிட்டுத் திரும்பினால் பின்னால் சின்னவள் நிற்கிறாள். அன்றோடு பேச்சு நின்றது.

நடுவில் மாட்டிக்கொண்டவர் குருவியின் வீட்டுக்காரர். கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மனிதர். ஒருநாள் மூட்டையோடு படியில் சறுக்கி விழுந்து முதுகு போனது. இனி தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாயில் மல்லாந்து படுத்தபடி அவர் பார்த்த ஒரே வேலை, தபால்காரர் வேலை.

"தங்கச்சி, உப்பு டப்பா எங்கேன்னு உங்க அண்ணி கேக்குறா."

"கண்ணுக்கு முன்னாலதான் இருக்குன்னு சொல்லுங்கண்ணே."

"கண்ணுக்கு முன்னால இருக்காம் குருவி."

"காதுல விழுந்துச்சு!"

குருவிக்கு அந்தப் பெயர் பொருத்தமானது. ஒல்லி உடம்பு, தத்தித் தத்தி ஓடும் நடை. ஒரு ரொட்டிக் கம்பெனியில் தட்டு கழுவினாள். அடிப்பிடித்த தகரத் தட்டுகளைக் காலையிலிருந்து மதியம் வரை சுரண்டித் தேய்ப்பாள். சின்னவள் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கினாள். இரண்டு சம்பளமும் சேர்ந்து வாடகைக்கும் மருந்துக்குமே பற்றவில்லை. கம்பெனியில் உடைந்து, கருகி, விற்காமல் நின்ற ரொட்டியைக் குருவி பையில் போட்டுக்கொண்டு வருவாள். தொடர்ந்து நான்கு நாள் ரொட்டி தின்ற பிறகு பெரிய பிள்ளை, "அம்மா, நாளைக்கும் ரொட்டின்னா நான் பசிக்கலைன்னு சொல்லிடுவேன்" என்றாள். குருவி சிரித்தாள். சிரித்துவிட்டு, முகம் கழுவப் போகிறவள் போல வெளியே போய்விட்டாள்.

அந்த வாரம்தான் கம்பெனி கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பெண்களுக்கு ஆறு மாத இலவசத் தொழிற்பயிற்சி, மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை. தையல் என்ற சொல்லைப் பார்த்ததும் குருவிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டில் யாரிடமும் மூச்சு விடாமல் மறுநாள் பயிற்சி நிலையத்துக்கு ஓடினாள். வரிசையில் போய் நின்றாள். முன்னால் நின்ற பெண்ணின் பின்னல் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அவள் திரும்பினாள். சின்னவள்!

இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அம்மா, "தையல் நிறைஞ்சு போச்சு. அழகுக் கலையும் நிறைஞ்சு போச்சு. மோட்டார் காயில் கட்டுற வகுப்புல மட்டும் ரெண்டு இடம் இருக்கு" என்றார்.

"மோட்டாரா?" என்றாள் சின்னவள்.

"ஆமாம்மா, எரிஞ்சுபோன மோட்டாரைப் பிரிச்சு, புதுசா செம்புக் கம்பி சுத்தி ஓட வைக்கிறது. எட்டுப் பேர் இருந்தாத்தான் வகுப்பு நடக்கும். இப்ப ஆறு பேர் இருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா நடக்கும், இல்லேன்னா அந்த ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறு பெண்களும் இவர்களையே பார்த்தார்கள். அதில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. குருவிக்கு மோட்டாரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது சத்தம் போடும் என்பது மட்டும்தான். சின்னவளுக்கு அதுவும் தெரியுமோ என்னவோ. ஆனாலும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் பேனாவுக்கு நீண்டன.

வகுப்பு எடுத்த டீச்சருக்கு வயது இருபத்தைந்துதான் இருக்கும். கொண்டையில் எப்போதும் ஒரு டெஸ்டரைச் செருகியிருப்பாள். கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க, பூ எடுப்பது போல அதை உருவுவாள். முதல் நாளே, "அக்காமாரே, கரண்டுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது. கவனமில்லாதவங்களைத்தான் தெரியும்" என்றாள். ஆளுக்கொரு மோட்டார் கிடையாது. இரண்டு பேருக்கு ஒன்று. பதிவேட்டில் அடுத்தடுத்து கையெழுத்துப் போட்டவர்கள் ஜோடி. குருவியும் சின்னவளும் அடுத்தடுத்துதான் போட்டிருந்தார்கள்.

எரிந்த காயிலை வெட்டி எடுப்பது, உள்ளே இருக்கும் பள்ளங்களைச் சுத்தம் செய்வது, காகிதம் மடித்துச் செருகுவது, இதையெல்லாம் பேசாமலே செய்துவிட்டார்கள். அடுத்தது கம்பி சுற்றுவது. சின்னவள் கைப்பிடியைச் சுழற்ற, மர அச்சில் தலைமுடி போன்ற கம்பி ஏற வேண்டும். ஒரு காயிலுக்கு ஐம்பத்தாறு சுற்று. அதைக் குருவி எண்ண வேண்டும். குருவி மனசுக்குள் எண்ணினாள். சின்னவளும் தன் பாட்டுக்கு மனசுக்குள் எண்ணினாள். மோட்டாரைப் பூட்டி ஸ்விட்ச் போட்டதும் உறுமியது, நடுங்கியது, புகைந்தது. டீச்சர் பாய்ந்து அணைத்தாள்.

காயிலை மறுபடி பிரித்து எண்ணிப் பார்த்தால் ஒன்றில் ஐம்பத்தாறு சுற்று, ஒன்றில் ஐம்பத்திரண்டு, இன்னொன்றில் அறுபது.

"ரெண்டு பேரும் வாயைத் திறந்து எண்ணுங்கக்கா" என்றாள் டீச்சர். "மோட்டாருக்குக் காது கேக்குற அளவுக்கு."

குருவி தொண்டையைச் செருமினாள். "ஒண்ணு" என்றாள். சின்னவள் ஒரு சுற்றுச் சுற்றி, "ஒண்ணு" என்றாள். "ரெண்டு." "ரெண்டு." எட்டு மாதத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிய பேச்சு அதுதான். முப்பதைத் தாண்டியதும் குரல் ஏறியது. நாற்பத்தைந்தில் மற்ற ஜோடிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்தாறு வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். கைக்குழந்தைக்காரியின் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது.

வீட்டிலும் அது தொடர்ந்தது. கட்டில் மேல் செய்தித்தாள் விரித்து, டீச்சர் கொடுத்தனுப்பிய பழைய ஃபேன் மோட்டாரை இரண்டு பேரும் பிரித்துப் போட்டார்கள். எந்தக் காயில் முனை எந்த முனையோடு சேரும் என்று குருவி நோட்டில் படம் போடுவாள். சின்னவள் குற்றம் கண்டுபிடிப்பாள். பாயில் கிடந்த வீட்டுக்காரர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள், "அப்ப தபால் ஆபீஸை மூடிடலாமா?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கட்டிலைப் பற்றி அவர்கள் மன்னிப்பும் கேட்கவில்லை, சமாதானமும் பேசவில்லை. அதற்கு நேரம் இல்லாமல் போய்விட்டது.

ஐந்தாம் மாதம் முடிகிற சமயம். ஒரு காலை, பத்து மணி இருக்கும். ரொட்டிக் கம்பெனியில் மாவு பிசையும் மிஷின் நாற்றமெடுத்துப் புகைந்து நின்றது. தட்டு கழுவிக்கொண்டிருந்த குருவி மூக்கைச் சுளித்தாள். அந்த நாற்றம் இப்போது அவளுக்கு அத்துப்படி. மோட்டார் எரிந்துவிட்டது.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் விளையாட்டுப் போட்டி. மறுநாள் சாயங்காலத்துக்குள் மூவாயிரம் பன் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வழக்கமாக வரும் மெக்கானிக் போனில், "நாலு நாள் ஆகும், கையில வேலை நிறைய" என்றான்.

குருவி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ஐயா, கழட்டிக் குடுங்க. நாளைக்குக் காலையில ஓட்டிக் காட்டுறோம்."

"யாரு ஓட்டிக் காட்டுறது?"

"நானும் என் நாத்தனாரும்."

முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். "குருவி, நீ தட்டு கழுவுறவ."

"காலையில தட்டு கழுவுறேன் ஐயா. மதியம் மோட்டார் கட்டுறேன்."

வேறு வழியில்லை என்பது முதலாளிக்கும் தெரிந்திருந்தது. இரண்டு ஆட்கள் மோட்டாரைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். குருவி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சொல்லிவிட்டோமே, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று வழி நெடுகிலும் தன்னையே திட்டிக்கொண்டாள். பயம் பாதி. மீதி என்ன என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. சிறுமியாக இருந்தபோது ராட்டினம் மேலே போகும்போது வந்த அதே குறுகுறுப்பு.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வீட்டு வாசலிலேயே சின்னவளை ஏற்றிக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டதும் சின்னவள், "உனக்குப் பைத்தியமா?" என்றாள். அடுத்த நொடி, "எத்தனை பள்ளம்?" என்றாள்.

"முப்பத்தாறு."

"பேசிக்கிட்டு இருக்காம வண்டியை வேகமாப் போகச் சொல்லு!"

பயிற்சி நிலையத்தில் டீச்சர் அன்று ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை. கைகட்டிப் பக்கத்தில் நின்றாள். தப்பு வரும் இடத்தில் மட்டும் டெஸ்டரால் மேஜையைத் தட்டினாள். இரண்டு முறைதான் தட்ட வேண்டியிருந்தது. மற்ற ஆறு பெண்களும் தங்கள் வேலையை விட்டுவிட்டுக் காகிதம் வெட்டினார்கள், நூல் கட்டினார்கள். ஐந்து மணிக்குக் காயில் முழுக்க உள்ளே உட்கார்ந்துவிட்டது. வார்னிஷ் ஊற்றினார்கள். அதைச் சூட்டில் காய வைக்க வேண்டும். பயிற்சி நிலையத்தின் காய்ச்சும் பெட்டியோ ஒரு மாதமாகக் கெட்டுக் கிடந்தது.

குருவிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. கம்பெனியின் பின்கட்டில் யாரும் தொடாத பழைய ரொட்டி அடுப்பு ஒன்று கிடக்கிறதே! மோட்டாரை அங்கே கொண்டுபோய் உள்ளே தள்ளியபோது முதலாளி ஓடி வந்தார். "ரொட்டி வேகுற அடுப்புல மோட்டாரா?"

"பயப்படாதீங்க ஐயா, கருக விடமாட்டோம்" என்றாள் சின்னவள்.

மறுநாள் காலையில் மோட்டாரைப் பூட்டினார்கள். கம்பெனி ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். தொட்டியில் மாவு, தண்ணீர், ஈஸ்ட் எல்லாம் தயார். குருவி ஸ்விட்சைப் போட்டாள்.

மோட்டார் ஓடியது! உறுமல் இல்லை, நடுக்கம் இல்லை. பட்டு மாதிரி ஓடியது. ஆட்கள் கைதட்டினார்கள். தட்டிய கை அப்படியே நின்றது. தொட்டிக்குள் அழுந்த வேண்டிய மாவு, கொக்கியைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறியது. தொட்டி விளிம்பைத் தாண்டியது. ஒரு கட்டி பிய்ந்து பறந்துபோய் முதலாளியின் சட்டையில் அப்பியது.

"நிறுத்து! நிறுத்து! என் மிஷினை என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

குருவி நேற்றுக் கட்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சுற்றுக் கணக்கு சரியாக இருந்ததே! எங்கே பிசகியது?

"அண்ணி!" என்று கத்தினாள் சின்னவள். "மோட்டார் நல்லாத்தான் ஓடுது. தலைகீழாச் சுத்துது!"

அவ்வளவுதான். குருவிக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. மெயினை அணைத்தாள். டெஸ்டர் வைத்துப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து, மூன்று வயர்களில் இரண்டை இடம் மாற்றி முடுக்கினாள். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம்கூட இல்லை. மறுபடி ஸ்விட்ச். கொக்கி இந்தப் பக்கம் திரும்பியது. மேலே ஏறிய மாவு சொன்ன பேச்சுக் கேட்டுக் கீழே இறங்கியது, உருண்டது, பளபளவென்று திரண்டது.

முதலாளி சட்டையில் ஒட்டிய மாவைத் துடைக்க மறந்துபோய் நின்றார். "ரெண்டே ரெண்டு வயரா?" என்றார்.

"எந்த ரெண்டுன்னு தெரியணும் இல்லையா ஐயா" என்றாள் சின்னவள். உண்மையில் எந்த இரண்டை மாற்றினாலும் ஒன்றுதான். குருவி உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

மூவாயிரம் பன்னும் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தது. குருவியை முதலாளி அதற்குப் பிறகு தட்டுப் பக்கம் விடவில்லை. கம்பெனியின் ஏழு மோட்டார்களும் அவள் பொறுப்பு என்றார், சம்பளத்தை இரட்டிப்பாக்கினார். அவர் வாய் சும்மா இருக்குமா? மாவு மில்காரரிடம் சொன்னார், ஐஸ் கம்பெனிக்காரரிடம் சொன்னார். சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்பே வேலை வந்துவிட்டது. சின்னவள் இரண்டு வீட்டுப் பாத்திரங்களுக்கும் ஒரே நாளில் கும்பிடு போட்டாள்.

அடுத்த வருஷம் மாவு மில்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை பிடித்தார்கள். முன்பக்கம் முதுகுக்கு வசதியான நாற்காலி போட்டு வீட்டுக்காரரை உட்கார வைத்தார்கள். போன் எடுப்பதும், வரும் மோட்டார்களுக்குச் சீட்டு எழுதிக் கட்டுவதும் அவர் வேலை. வார்னிஷ் வாடையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாலும் அவர் முகத்தில் பழைய களை திரும்பிவிட்டது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பிடித்ததைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வீடும் இரண்டு அறை வீடாக மாறியது. அண்ணியும் நாத்தனாரும் சண்டை போடுவதை மட்டும் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் நேருக்கு நேர், தெருவே கேட்கும்படி. கம்பி தடிமனில் ஆரம்பிக்கும், டீ வரும்போது முடியும்.

போன வாரம் குடிநீர் ஏற்று நிலையத்திலிருந்து ஒரு மோட்டார் வந்தது. ஆறு பேர் சங்கிலி போட்டு லாரியிலிருந்து இறக்கினார்கள். இதுவரை அவர்கள் தொட்டதிலேயே பெரியது. குருவியின் நெஞ்சு உயரம் இருந்தது. கொண்டுவந்த இன்ஜினியர், "நாலு இடத்துல விசாரிச்சேன், எல்லாரும் உங்க கடையைத்தான் சொன்னாங்க. முடியுமா?" என்றார்.

குருவி அதைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். தட்டிப் பார்த்தாள். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஏய் சின்னவளே, இங்க வந்து பாரேன்! உள்ளே ஆளே உட்காரலாம் போலிருக்கு!"

சின்னவள் ஏற்கெனவே பெரிய ஸ்பானரோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். "தள்ளு அண்ணி, முதல் போல்ட் நான்தான் கழட்டுவேன்."

"ஏன், நான் கழட்டினா ஆகாதா?"

வாசலில் வீட்டுக்காரர் இன்ஜினியரைப் பார்த்து ஒரு நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க சார். இது முடிய அஞ்சு நிமிஷம் ஆகும். அப்புறம் வேலை ஆரம்பிச்சாங்கன்னா நிறுத்த மாட்டாங்க."