டூப்ளிகேட் குரல்

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்கெல்லாம் மைக் செட் கட்டியவன் நான். கல்யாணமோ காதுகுத்தோ கூழ் ஊற்றுவதோ, என்னைத்தான் கூப்பிடுவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய பாட்டுப் பெட்டியை ஓரங்கட்டிவிட்டு, கரண்டில் ஓடும் புதுப் பெட்டி ஒன்றை பெங்களூரிலிருந்து கொண்டுவந்தேன். ரெக்கார்டுகள் பழையவைதான். வருடக்கணக்காக ஊரே கேட்ட ஒரு பாடகியின் அதே பாட்டுகள்.

முதல் பாட்டு போட்டதுமே என் கடை வாசலில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். ரசித்து நிற்கிறார்கள் என்று நினைத்தேன். முகங்களைப் பார்த்த பிறகுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

"இன்னாப்பா, இது அந்தம்மா குரலா?"

"தொண்டைய எவனோ அமுக்கிப் புடிச்சிக்கினு பாடச் சொன்ன மாதிரி கீது."

சாயங்காலத்துக்குள் கதை கட்டியாகிவிட்டது. அசல் ரெக்கார்டுகளை நான் பெங்களூரில் தள்ளிவிட்டு, வேறு யாரையோ பாடவைத்த டூப்ளிகேட் ரெக்கார்டுகளை வாங்கி வந்துவிட்டேனாம். லேபிளைக் காட்டினேன். "லேபிள் ஒட்டறது ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் பிடிக்கப் போன என் மனைவி குடத்தை இறக்கியதும் இறக்காததுமாகக் கேட்டாள்: "என்கிட்டயாவது மெய்யா சொல்லுங்க. வித்துட்டீங்களா?"

இதில் வேடிக்கை, எனக்கும் அந்தக் குரல் அந்நியமாகத்தான் பட்டது. மெல்லிசாக, கிறீச்சென்று, அவசரமாக. பெட்டி விற்றவன் என் தலையில் எதையோ கட்டிவிட்டான் என்று நான் அவனைச் சந்தேகப்பட்டேன். ஊர் என்னைச் சந்தேகப்பட்டது.

நான்கு நாளில் ஒரு கல்யாணம் இருந்தது. பெண்ணின் தகப்பனார் சுரங்கத்தில் வைண்டிங் இஞ்சின் டிரைவர். ஆட்களை ஏற்றிய கேஜ் என்கிற இரும்புக் கூண்டைச் சுரங்கக் குழிக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவர் கை. இஞ்சின் இரைச்சலை வைத்தே கேஜின் வேகத்தைச் சொல்லிவிடுவார் என்று பெயர். அவர் காது சொன்னால் லைனில் மறுபேச்சு கிடையாது. அவர் என்னை வேண்டாம் என்றால் அப்புறம் ஒருவனும் கூப்பிட மாட்டான். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போகவேண்டியதுதான்.

ஷிப்ட் முடிந்து நேராக என் கடைக்கு வந்தார். பாதிப் பாட்டுதான் கேட்டார்.

"யார் காதுல பூ சுத்தற? கேஜ் ஓட்டற காது இது."

"அண்ணா, அதே தட்டுதான் அண்ணா. வேணும்னா பழைய பொட்டியில போடறேன், கேளுங்க."

போட்டேன். அவர் முகம் குழம்பியது. அதே தட்டில் பழைய குரல், ஆற அமர வந்தது. தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், லேபிளில் இருந்த எண்ணில் விரலை வைத்தார். "இது இன்னா, எழுவத்தெட்டு?"

"நிமிசத்துக்கு அத்தினி சுத்து சுத்தணும்னு அர்த்தம்."

"எந்தப் பொட்டி அத்தினி சுத்துது?"

இத்தனை வருடத்தில் நான் என்னையே கேட்டுக்கொள்ளாத கேள்வி. ஒரு காகிதத் துண்டைத் தட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டினார். காகிதம் ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் விரலில் தட்ட, நான் அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். புதுப் பெட்டி எழுபத்தெட்டு. பழையது எழுபத்திரண்டு. நான் தில்லுமுல்லு செய்கிறேனோ என்று கடிகாரத்தைத் தானே வாங்கிக்கொண்டு, என் விரலை நீட்டச் சொல்லி, மறுபடி எண்ணினார். எழுபத்திரண்டுதான்.

பழைய பெட்டி ஒரே நாளில் தளர்ந்திருந்தால் அன்றைக்கே ஊர் கத்தியிருக்கும். அது வருடத்துக்கு ஒரு சுற்று, அரைச் சுற்று என்று தேய்ந்திருக்கிறது. சுற்று குறைந்தால் குரலும் தாழ்ந்துவிடும்; ஆனால் பாட்டு மொத்தமும் சேர்ந்தே இறங்கியதால், மெட்டு மெட்டாகவே இருந்தது. குரல் சட்டென்று ஒரு படி ஏறினால் காது துள்ளி எழுந்து உட்காருகிறது. தினம் ஒரு மயிரிழை இறங்கினால் அதுவும் கூடவே இறங்கிப்போய், இதுதான் தரை என்கிறது. அந்தம்மாவின் உண்மையான குரலை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

டிரைவர் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார். பிறகு, "இஞ்சின் சத்தமும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா எறங்கினா எனக்குத் தெரியாதா அப்ப?" என்றார்.

"அங்க வேகம் காட்டற டயல் கீதே அண்ணா."

"கீது. பாக்கறேன். ஆனா கை காதத்தானே கேக்குது."

அவர் எழுந்து, "கல்யாணத்துல புதுசுலயே போடு" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணத்தன்று காலையிலிருந்து ஆம்பிளிஃபயர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி வந்து, "இன்னாங்க, டூப்ளிகேட் பாட்டு போடறாங்களே" என்றாள்.

"நான் எண்ணிட்டேம்மா."

"பாட்ட எதுக்குங்க எண்ணணும்?"

அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பந்திக்குப் போனாள். பெண்ணின் தகப்பனாரே உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரத்துக்கு இரண்டு பேர் அங்கேயே என்னிடம் தேதி சொல்லிவிட்டுப் போனார்கள்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும் டிரைவர் என் பக்கம் குனிந்தார்.

"அந்தப் பழச இன்னா பண்ணப் போற?"

"பக்கத்துல பாலகாட் லைன்ல ஒருத்தர் கேக்கறாரு, அண்ணா."

"குடுக்காத. அந்த ஊரு காதும் கெட்டுப்பூடும்."

சரி என்றேன். சும்மா சொல்கிறேனா என்று என் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.